மஞ்சளடித்த செவ்வரத்தைக்காக ஒரு கடிதம்

உருத்திரபுரம்,
ஒக்ரோபர் 2

அன்பின் மச்சான்,

நலம். உன் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். கனகாலமாகக் கடிதம் இல்லை என்ற கோபம் உனக்கு இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு இதை முழுக்க வாசி. போன கிழமை நீ போனில், "எல்லாச் சாடியையும் குப்பை லொறிக்குள் தூக்கிப் போடப்போறன், எனக்கும் பூக்கன்றுக்கும் இனி ஒத்துவராது" என்று சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. போனில் விளக்கம் சொன்னால் பாதியில் "ஓம் ஓம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

புதினம் முதலில். கிளாக்கர் அண்ணைக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. இப்போது பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் வாசித்து, வாசிகசாலையில் எல்லாரோடும் சண்டை. சைக்கிள் கடைத் தம்பி கடைசியில் கலியாணத்துக்குச் சம்மதித்துவிட்டான். தை பிறந்ததும் நாள் வைக்கிறார்கள், நீ வராமல் விட்டால் பூசணிக் கதையை உன் மருமகளுக்குச் சொல்லிவிடுவேன். குரங்குத் தொல்லை குறைந்தபாடில்லை. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணினார்களே, நானும் கொப்பியோடு முற்றத்தில் நின்றேன். அதற்குப் பிறகும் கொய்யாவில் ஒரு காய் பழுக்க விட்டதில்லை. இதெல்லாம் நேரில் கதைப்போம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரியக்காவின் பேத்தி அறிவியல்நகரில், விவசாய பீடத்தில் படிக்கிறாள் அல்லவா? போன ஞாயிறு வீட்டுக்கு வந்தாள். கிணற்றடித் தேசிக்கன்றைப் பார்த்தவள் ஒரு கொழுந்தை ஒடித்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு அவள் கேட்டது என்ன தெரியுமா? "தாத்தா, உங்கட தேத்தண்ணிக் கேத்திலை ஒருக்கா காட்டுங்கோ."

கேத்திலைக் கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளைப் படை. நகத்தால் சுரண்டினால் செதிலாக வருகிறது. "இதைத்தான் தேசிக்கும் ஊத்திறீங்கள்" என்றாள். அந்த நேரமே உன் ஞாபகம் வந்தது. நீ அனுப்பிய செவ்வரத்தைப் படத்தை எடுத்துக் காட்டினேன். "அதே நோய்தான்" என்றாள்.

அந்தப் படத்தை நீயும் திரும்ப எடுத்துப் பார். கீழ் இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. நுனிக் கொழுந்துதான் மஞ்சள். மஞ்சளிலும் நரம்பு மட்டும் பச்சையாக, வலை விரித்தது போலத் தெரிகிறது. இதுதான் அடையாளம். கீழே இருக்கும் முதிர்ந்த இலை முழுசாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. ஏனென்றால் தழைச்சத்தை மரம் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும். இரும்புச் சத்தை அப்படி இடம்மாற்ற அதனால் ஏலாது. ஆகவே இரும்பு குறைந்தால் முதலில் வாடுவது கொழுந்து. நீ மஞ்சளைக் கண்டதும் தழைச்சத்துக்குப் போடுகிற யூரியாவைத் தூக்கிப் போட்டாய். குறைந்தது அது இல்லை, மச்சான். சாடியில் உப்பு ஏறியதுதான் மிச்சம்.

"எங்கட செம்மண்ணில இரும்புக்கா பஞ்சம்?" என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். ஆனால் கேத்திலில் படை கட்டுகிற இந்தச் சுண்ணாம்பு கூடிய கல்லுத்தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்ற ஊற்ற மண்ணில் காரத்தன்மை ஏறுகிறது. அப்படி ஏறினால் இரும்பு கரையாத நிலைக்குப் போய்விடும், வேரால் உறிஞ்ச முடியாது. மண்ணில் இருக்கிறது, கன்றுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே ஆணியைக் கொண்டுபோய்ச் சாடியில் புதைக்காதே, அதால் ஒரு பிரயோசனமும் இல்லை. நிலத்தில் நிற்கும் மரம் வேரை அகல விட்டுத் தப்பிக்கொள்ளும். சாடிக்குள் இருப்பது இரண்டு பிடி மண், அதற்குள் எங்கே ஓடுவது? செவ்வரத்தை, எக்ஸோரா, மல்லிகை, தேசி எல்லாம் இதில் சீக்கிரம் மாட்டும் சாதிகள். உன் மாடியில் நிற்பவை முழுக்க இவைதானே!

வவுனியாவில் நீங்கள் குடிப்பதற்கு வடிகட்டிய தண்ணீர் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். பூக்கன்றுக்கு மட்டும் குழாய்க்கிணற்றுத் தண்ணீர். அது பாவம் மச்சான்.

அடுப்புச் சாம்பலையும் முட்டைக்கோதையும் இன்றோடு நிறுத்து. ஊரில் எல்லாரும் போடுகிறார்கள் என்று நீயும் போடுகிறாய், எனக்குத் தெரியும். இரண்டும் காரத்தைக் கூட்டுகிற பொருள். புளிப்பு மண் உள்ள இடத்தில் அவை நல்லது, நம்முடைய தண்ணீரோடு சேர்ந்தால் கேடு.

சாடியின் மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் அதை ஒரு விரல் தடிப்புக்குச் சுரண்டி எறி. பிறகு மழைத்தண்ணீர் கிடைத்ததும் சாடி கொள்கிற அளவுக்கு இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்று, அடித்துளையால் எல்லாம் வழிந்து போகட்டும். சேர்ந்த உப்பு அதோடு கழுவிக்கொண்டு போகும். வழிந்ததைத் தட்டில் தேங்க விடாதே. கன்று அதையே திரும்பக் குடிக்கும், நுளம்பும் பெருகும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் தண்டமும் கட்டுவாய். அது வடிந்ததும் நன்றாக மக்கிய மாட்டெருவும் இலைமக்கும் மேலே போட்டு, அதன்மேல் சருகு மூடு. பச்சைச் சாணகம் வேண்டாம், வேரைச் சுடும். விவசாயக் கடையில் இலைக்குத் தெளிக்கிற இரும்புச் சத்து விற்கிறார்கள். பொதியில் சொன்ன அளவுக்குக் கூடாமல் கரைத்து, வெயில் தணிந்த பிறகு தெளி. மஞ்சளான இலை எல்லாம் பச்சைக்குத் திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. புதிதாக விடுகிற கொழுந்தைப் பார், அதுதான் பதில் சொல்லும்.

தண்ணீர் விடுவதிலும் ஒரு விஷயம். நீ பென்சன் எடுத்த பிறகு நேரம் போகாமல் காலையும் மாலையும் ஊற்றுகிறாய் என்று உன் மருமகள் சொன்னாள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு வரை விட்டுப் பார், ஈரம் பட்டால் விட்டுவிடு. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மாடிச் சாடிகள் ஒரே நாளில் காய்ந்துவிடும், அப்போது ஊற்றத்தான் வேண்டும். ஹோலுக்குள் இருக்கும் மணிபிளான்ட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. அதற்கு நீ செய்ய வேண்டியது ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடைப்பதுதான். அப்புறம் அந்தக் கறுப்புப் பிளாஸ்ரிக் சாடிகளை மேற்குப் பக்கச் சீமெந்துத் தரையில் நேராக வைக்காதே. பின்னேர வெயிலில் வேர் வெந்துவிடும். கீழே செங்கல் கொடு, மேலே பச்சை வலை கட்டு.

இனி முக்கியமான வேலை. புரட்டாதி முடியப்போகிறது. நமக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு இனித்தான், ஒக்ரோபர் தொடங்கி ஜனவரிக்குள் பெய்து முடிந்துவிடும். அதைப் பிடிக்காமல் விட்டால் அடுத்த வருடமும் கல்லுத்தண்ணீர்தான். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். உன் மாடித் தகரச் சார்ப்பு பத்தடிக்குப் பத்தடி இருக்கும், ஏறக்குறைய 9 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் மழை ஒன்று கொட்டினால் 200 லீற்றருக்கு மேல், ஒரு பரல் நிரம்பிவிடும்! நம்முடைய கார்த்திகை மழை இதைவிட எவ்வளவு பெய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூரைத் தண்ணீரை இறக்க ஒரு பீலி, ஒரு பரல், அதன் வாயைக் கட்ட நுளம்பு வலைத் துண்டு, அவ்வளவுதான் செலவு. முதல் மழையை மட்டும் வெளியே விடு, கூரைத் தூசியும் காக எச்சமும் போகட்டும். மழை நாளில் சாடித் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள். 2025இல் டித்வா புயல் வந்தபோது இங்கே தண்ணீர் தேங்கி நின்ற பாத்தியில் கத்தரி முழுக்க வேர் அழுகிப் போனது. மிளகாய் மேட்டுப்பாத்தியில் நின்றதால் தப்பியது.

இவ்வளவும் நான் எழுதுவது பூவுக்காக மட்டும் இல்லை. 2009இல் செட்டிகுளம் முகாமில், தறப்பாள் கொட்டிலின் ஓரத்தில் உன் அம்மா பசளி நட்டது ஞாபகமா? குளிக்கவே வரிசையில் நின்று தண்ணீர் எடுத்த காலம். அரிசி கழுவிய தண்ணீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவா. கொடி படர்ந்ததும் பக்கத்துக் கொட்டில்களுக்கெல்லாம் முறித்துக் கொடுத்தா. நாம் ஊருக்குத் திரும்பியபோது உன் வளவில் கூரை இல்லை, கிணற்றுக்குள் குப்பை, வேலியடிச் செவ்வரத்தை ஒன்றுதான் பற்றைக்குள் உயிரோடு நின்றது. அம்மா அதைக் கட்டிப்பிடித்து அழுதா. நீ குப்பை லொறிக்குப் போடப்போவதாகச் சொன்ன சிவப்புச் செவ்வரத்தை அதன் தடிதானே? நீ மறந்திருக்க மாட்டாய். சலிப்பில் சொல்லியிருப்பாய். ஆனாலும் எனக்கு அது பொறுக்கவில்லை.

வாற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மக்கிய எரு ஒரு உரப்பை கொண்டுவருவேன். பஸ் ஸ்ராண்டுக்கு மகனை மோட்டார் சைக்கிளோடு அனுப்பு. அதற்குள் நீ பரல் வாங்கி வை. கிருமிநாசினி அடைத்து வந்த பரல் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம், முதலில் என்ன இருந்தது என்று கேட்டு, சாப்பாட்டுச் சாமான் வந்த பரலாகப் பார்த்து வாங்கு. பீலிக்குச் சார்ப்பின் நீளத்தை அளந்து, வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்கு மெசேஜ் போடு. இங்கே சந்திக் கடையில் விலை குறைவு, நானே வெட்டுவித்துக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்