ஒரு நாள் பூவுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து தேரூர் குளத்துகிட்ட பறவை பாக்க வாறவங்களுக்காக கட்டப்போற கட்டடத்துக்கு நான் வரைஞ்ச பிளான் நேத்து சாயங்காலம் ஓகே ஆயிட்டு. போன்ல கேட்டதும் அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டேன், அம்மா என்னமோ ஏதோன்னு பயந்து அடுக்களைலேந்து கரண்டியோட ஓடி வந்தாவ. இன்னும் கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கிடுங்க. அந்த புதன்கிழமை மீட்டிங்ல என் மொத பிளான், தண்ணிக்கு ரொம்ப பக்கம்னு நின்னு போனது இங்க பாதி பேருக்கு தெரியும், மீதி பேருக்கு அந்த பாதி பேரு சொல்லியிருப்பாவ, அதனால அத திரும்ப கிண்ட வேண்டாம்.

நன்றி சொல்ல நெறைய பேரு இருக்காவ. ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம திரும்ப வந்து லெவல் (தரை, தண்ணியோட ஒசரம்) எடுத்து குடுத்த சர்வேயர் சார், 2021 நவம்பர் வெள்ளத்துல தண்ணி எதுவரை வந்துச்சுன்னு வீட்டு செவுத்துல கைய வச்சு காட்டின ஆச்சிமாரு, பறவை லிஸ்ட்ட திருத்தி குடுத்த காலேஜ் மேடம், ராத்திரி முழுக்க மாடல் ஒட்டின தம்பிங்க, பிரிண்ட் எடுக்கணும்னு சொன்னதும் கடைய பூட்டாம காத்திருந்த ஜெராக்ஸ் அண்ணாச்சி. எல்லாருக்கும் ஒரே மூச்சுல சொல்றேன்னு கோவிச்சுக்கிடாதீங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் நேர்ல வாறேன்.

ஆனா இத எழுத உக்காந்ததே ஒரு ஆளுக்காகத்தான். பேரு போடாதன்னு சொல்லிட்டாரு. நம்ம தேரூர் குளத்துல தாமரை பறிக்கிற அண்ணன்.

வியாழக்கிழமை காலையில தூக்கமே வரல, அஞ்சு மணிக்கு ஸ்கூட்டிய எடுத்துட்டு குளத்துக்கு போயிட்டேன். இந்த வேலையில இருந்து விலகிக்கிடுறேன்னு மெயில் எழுதி டிராஃப்ட்ல வச்சிருந்தேன், அனுப்பதான் மனசு வரல. 2017ல வந்த ஈரநில விதிப்படி, சராசரி உச்ச வெள்ள மட்டத்துலேந்து 50 மீட்டருக்குள்ள நிரந்தர கட்டடம் எதுவும் கூடாது, படகுத்துறை மட்டும்தான் விதிவிலக்கு. விதி எனக்கு தெரியாம இல்ல, கோடையில எடுத்த லெவல நம்பி கோடு போட்டேன், அது என் தப்புதான், வேற யாரு மேலயும் போட முடியாது. சரியான கோட்டுக்கு தள்ளினா கட்டடம் கரைக்கு அந்தப்பக்கம் தென்னந்தோப்புக்குள்ள போயிரும். அங்கேந்து தண்ணி தெரியாது. தண்ணிய பாத்து பெரிய கண்ணாடி செவுரு வச்சு, அதுதான் டிசைனோட உயிருன்னு நாலு மாசமா சொல்லிட்டு திரிஞ்சவ நான்.

அண்ணன் அப்பதான், மிதந்துட்டே பூ பறிக்கிறதுக்கு வச்சிருக்க காத்தடிச்ச டியூப தோள்ல போட்டுட்டு தண்ணில இறங்க போனாரு. "என்ன மக்ளே, மொகம் ஒரு மாதிரி இருக்கு"ன்னு கேட்டாரு, அவ்வளவுதான், எல்லாத்தையும் கொட்டிட்டேன். முழுசா கேட்டுட்டு டியூப கீழ வச்சாரு. "வா, இங்க இரி"ன்னு கரை கொஞ்சம் தணிஞ்ச எடத்துக்கு பொறத்த, ஒரு தென்னை மூட்டுல, ரெண்டு ஓலைய போட்டு உக்கார வச்சாரு. பேசாத, எந்திரிக்காதன்னு மட்டும் சொன்னாரு. பிளாஸ்க் மூடியில கட்டஞ்சாயா ஊத்தி தந்தாரு.

மொதல்ல ஒண்ணும் தெரியல, தாழைக்கோழி சத்தம் மட்டும். பொறவு வெளிச்சம் வர வர, கரை தணிஞ்ச அந்த இடுக்குக்குள்ள தாமரை இலை மேல இலைக்கோழி நடக்குது, தூரத்துல கூழைக்கடா ரெண்டு, அதுக்கு இந்தப்பக்கம் நீலச்சிறகி வாத்து ஒரு பெரிய கூட்டம். ஐப்பசில வந்து பங்குனில போற கூட்டம். எனக்கு ஆசை தாங்காம போட்டோ எடுக்க எந்திரிச்சேன். மொத்தமும் பறந்துட்டு.

அண்ணன் ஏசல. "அதுவ திரும்ப வந்து உக்கார அரை மணிக்கூறு ஆவும்"னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ கட்டுற கட்டடத்துல ஒரு நாளைக்கு எத்தன பேரு எந்திரிப்பாவ மக்ளே?"

நேத்து பாஸ் ஆன பிளான் முழுக்க அந்த கேள்விக்கு நான் எழுதின பதில்தான். கட்டடம் கரைக்கு பொறத்த தோப்புக்குள்ள, கூரை தென்னைக்கு கீழ, கண்ணாடியே கெடையாது. ஓலைத்தட்டி மறைவுல ஒரு நடைபாதை, அது போய் முடியிற எடத்துல உக்காந்தா மட்டும் தெரியிற மாதிரி கண்ணு மட்டத்துல ஒரு நீள இடுக்கு. செப்டிக் டேங்க் ரோட்டு பக்கம். ராத்திரி லைட்டு கெடையாது.

ஆனா நன்றி டிசைனுக்கு இல்ல. சனிக்கிழமை அவங்க வீட்டுக்கு ரசவடையும் வாங்கிட்டு போனேன், மைனி சிரிச்சுட்டே "அன்னைக்கு பூ இல்லாம வெறுங்கையா வந்து நின்னாரு பாத்துக்கோ"ன்னாவ. அப்பதான் எனக்கு உறைச்சுது. தாமரைய வெயில் ஏறுறதுக்குள்ள மொட்டா பறிக்கணும், விரிஞ்சிட்டா தோவாளை சந்தையில ஆரு வாங்குவா? அதுவும் மறுநாள் வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு பூ போற நாளு. ரெண்டு மணிக்கூறு என் பக்கத்துல உக்காந்திருந்தாரே, அவரு கண்ணு முன்னாடியே மொட்டெல்லாம் விரிஞ்சிருக்கு, ஒரு வார்த்த சொல்லல. மொத பிளான்ல வாசல்ல பெரிசா தாமரை டிசைன் போட்டவ நான், மொட்டு எந்நேரம் பறிப்பாவன்னு கூட தெரியாம. ரூபா குடுக்க போனேன், "அப்ப சாயாவுக்கும் கணக்கு போடுவியா"ன்னு கேட்டு வாய அடைச்சிட்டாரு.

உள்ள வைக்கிற போர்டுல சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம் 2022ல ராம்சார் லிஸ்ட்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட லிஸ்ட்ல சேந்தது, 94.23 ஹெக்டேர், 9ஆம் நூற்றாண்டு செப்பேட்டுல பசுங்குளம் பெருங்குளம்னு வார பேரெல்லாம், கவிமணி பொறந்த ஊருங்கிறது, எல்லாம் எழுதி வச்சிருக்கேன். அதுல தண்ணில இறங்குற மனுசன பத்தி ஒரு வரி இல்ல. அத எழுதாம போர்டு பிரிண்டுக்கு போவாது. காலையில எத்தன மணிக்கு வாசல் கேட்ட தொறக்கணுங்கிறதையும் பறிக்கிறவங்க கிட்ட கேட்டுட்டுதான் எழுதி குடுப்பேன்.

இன்னொண்ணு. புது பிளான்ல ரோட்டு பக்கம் 'ஸ்டோர்'னு ஒரு சின்ன ரூம் இருக்கு. அது டியூப் வைக்கவும் ஈரத்துணி மாத்தவும் போட்டது. மீட்டிங்ல யாரும் கேக்கல, நானும் சொல்லல, இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், இனி யாராவது அத எடுத்துட்டு ஜெனரேட்டர் வைக்கலாம்னா நீங்கதான் கேக்கணும்.

அண்ணே, திங்கக்கிழமை வாறேன். பிளாஸ்க் நான் கொண்டு வாறேன், நீங்க தண்ணில இறங்குங்க.