வீட்டிலேயே வெட்டிய கேஸ்கெட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யெஸ்டி மோட்டார் சைக்கிளைத் தயாரித்த மைசூர் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டதிலிருந்து அந்த வண்டிக்கு உதிரிபாகம் தேடி அலைவோரில் நானும் ஒருவன். கிளட்ச் கவரில் ஆயில் கசிந்தபோது, கசிவைத் தடுக்க இரு பாகங்களுக்கு இடையே வைக்கும் கேஸ்கெட் கிடைக்காது என்று கைவிரித்த மெக்கானிக் ஒருவர் சிலிக்கோன் பேஸ்ட்டைத் தடிமனாகப் பூசி அனுப்பிவிட்டார். பிதுங்கிய துணுக்குகள் பின்னர் ஆயிலில் மிதந்ததைக் கண்டு மனம் நொந்தேன்.

அரை மில்லிமீட்டர் கேஸ்கெட் தாளை வாங்கி, கவரின் விளிம்பில் ஆயில் தடவி அச்செடுத்து, போல்ட் துளைகளை முதலில் போட்டுவிட்டு, பிறகே ஓரங்களைக் கத்தரித்தேன். வரிசையை மாற்றினால், துளையைச் சுற்றியுள்ள மெல்லிய ஓரம் கிழிந்துவிடும். இப்போது ஒரு சொட்டும் கசியவில்லை.

எரியும் வாயுவின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் இந்தத் தாள் தாங்காது என்பதால், சிலிண்டர் ஹெட்டுக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசு கிளப்புவது நுரையீரலுக்குக் கேடு.

இவ்வேலையைப் படங்களுடன் விளக்கும் கட்டுரை ஒன்றைத் தங்கள் வாகனப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கோயம்புத்தூர்