அன்று நீ கேட்டதற்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பார்க்கச் சொன்ன 'த சஸ்பிஷன்ஸ் ஆஃப் மிஸ்டர் விச்சர்' தொடரைப் பார்த்துவிட்டேன். நான்கு பாகம். 2011-ல் வந்த முதல் பாகம்தான் உண்மையில் நடந்த கொலை. பிறகு வந்த மூன்றும் அதே துப்பறிவாளரை வைத்துக் கற்பனையாக எழுதியவை. அவையும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் முதலாவதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

அந்தக் கொலை நடந்த 'ரோடு' என்ற கிராமம் இங்கிலாந்தில் நீ வேலை பார்க்கும் பாத் நகரத்துக்குப் பக்கம்தான். 1860 ஜூன் 29 இரவு, அங்கே ஒரு பெரிய வீட்டில் கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டுக் குடும்பத்தார் ஒன்பது பேரும் வேலைக்காரப் பெண்கள் மூன்று பேரும் படுக்கிறார்கள். விடிந்து பார்த்தால் நான்கு வயதுகூட நிறையாத சேவில் என்ற பையனைத் தொட்டிலில் காணோம். தோட்டத்துக் கழிப்பறைக் குழியில், கழுத்து அறுபட்டுக் கிடந்தான். வரவேற்பறை ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. வெளியாள் வந்த மாதிரி தடயம் எதுவும் இல்லை. அப்படியென்றால் செய்தவர் அந்த வீட்டுக்குள் படுத்திருந்த ஒருவர்.

முப்பத்து நான்கு வருஷம் காக்கிச் சட்டை போட்டவன் நான். இதைக் கேட்டதும் என் மனம் முதலில் யாரிடம் போனது தெரியுமா? பிள்ளையோடு ஒரே அறையில் படுத்திருந்த ஆயா எலிசபெத் காஃப்பிடம். அங்கிருந்த போலீஸும் அதைத்தான் செய்தது. அவளுக்கும் வீட்டு எஜமான் சாமுவேல் கென்ட்டுக்கும் தொடர்பு, பிள்ளை விழித்துப் பார்த்துவிட்டான் என்று ஊரே ஒரு கதை கட்டியது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ்கூட அதைத்தான் நம்பினார். அந்தப் பெண்ணை இரண்டு முறை கைது செய்தார்கள், இரண்டு முறையும் ஆதாரம் இல்லாமல் விட்டார்கள்.

துப்பறிவாளர் விச்சர் லண்டனிலிருந்து வருவது இரண்டு வாரம் கழித்து. லண்டன் போலீஸின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் 1842-ல் துப்பறியும் பிரிவு தொடங்கியபோது சேர்ந்த எட்டுப் பேரில் ஒருவர். தோட்டக்காரர் மகன். பேடி கான்சிடைன் அவரை நடித்திருக்கும் விதத்தை நீ கவனித்தாயா? குரலே உயராது. அறைக்குள் வந்து நிற்பார், பார்ப்பார், அவ்வளவுதான். நான் பார்த்த நல்ல அதிகாரிகள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். சாமுவேல் கென்ட்டாக வரும் பீட்டர் கபால்டி முன்னால் அவர் நிற்கும்போது, 'நீ யாரடா என் வீட்டுக்குள்' என்று அந்த மனிதர் கண்ணாலேயே கேட்கிறார்.

விச்சர் ஆயாவைப் பிடிக்கவில்லை. துணிகளை எண்ணினார். மூத்தாள் மகள் கான்ஸ்டன்ஸ், பதினாறு வயது, தன்னிடம் மூன்று இரவு உடுப்பு இருப்பதாக எழுதி வைத்திருக்கிறாள். இருந்தது இரண்டுதான். மூன்றாவது எங்கே என்றால், சலவைக்குப் போட்டேன், துவைக்கிற பெண் தொலைத்துவிட்டாள் என்றாள். வீட்டு வேலைக்காரப் பெண் அதைச் சலவைக் கூடையில் போட்டதாகச் சொன்னாள். ஆனால் கூடையைக் கட்டும் நேரத்தில் கான்ஸ்டன்ஸ் வந்து, என் பர்ஸ் இருக்கிறதா பார் என்றிருக்கிறாள், பிறகு குடிக்கத் தண்ணீர் கொண்டு வா என்று கீழே அனுப்பியிருக்கிறாள். அந்த இடைவெளியில் நல்ல உடுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டாள், ரத்தக்கறை பட்டதை முன்பே அழித்துவிட்டாள், பழி துவைக்கிற பெண் மேல் விழட்டும் என்பதுதான் திட்டம் என்று விச்சர் கணக்குப் போட்டார். பாப்பா, நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். பழியை யார் மேல் போட்டால் ஊர் உடனே நம்பும் என்று பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது!

ஜூலை 20-ல் கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார். கையில் அந்த உடுப்பு இல்லை. ஒரு வாரத்தில் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். பெரிய வீட்டுப் பெண்ணின் உள்ளாடையைக் கிளறினான் ஒரு கூலிக்காரன் என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. இதில் என் வயிற்றைப் பிசைந்த விஷயம் ஒன்று உண்டு. கொலை தெரிந்த அன்றே உள்ளூர் போலீஸ் சமையற்கட்டு அடுப்புப் பொந்தில் ரத்தம் பட்ட ஓர் உள்ளுடுப்பைக் கண்டெடுத்திருந்தது. பெண்கள் விஷயமாக இருக்கும் என்று கூச்சப்பட்டு, பிறகு அதைக் கைநழுவவும் விட்டு, விச்சரிடம் வாயே திறக்கவில்லை. அது எங்கே போய் முடிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தன் தவறை மறைக்க ஒரு ஸ்டேஷனே வாய் மூடிக்கொள்வது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

விச்சர் 1864-ல் உடம்பும் மனமும் கெட்டு ஓய்வு பெற்றார். மறு வருஷம் ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் தானாகவே லண்டன் நீதிமன்றத்துக்கு வந்து, நான்தான் செய்தேன் என்றாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாக மாறி, இருபது வருஷம் சிறையில் இருந்தாள். பிறகு பெயரை மாற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் நர்ஸாக வாழ்ந்து, 1944-ல் நூறு வயதில் இறந்தாள். விச்சர் சொன்னது சரிதான் என்று ஆனது. எலிசபெத் காஃப்பிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்றுதான் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சரி, இப்போது நான் சொல்ல வந்தது. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நம் குவார்ட்டர்ஸுக்கு வேலைக்கு ஓர் அக்கா வருவார், உனக்கு ரெட்டைச் சடை போட்டுவிடுவார், ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் நின்றுவிட்டார். அக்கா எங்கேப்பா என்று நீ ஒரு வாரம் கேட்டாய். ஊருக்குப் போய்விட்டார் என்று நான் சொன்னேன். அது பொய்.

அவர் வேலை பார்த்த இன்னொரு வீட்டில் ஆறு பவுன் செயின் காணாமல் போனது. வீட்டுக்காரர் அவரைக் கைகாட்டினார், நானும் வேறு யாரையும் பார்க்கவில்லை. நம் வீட்டுச் சமையலறையில் தினமும் நிற்கிறவர் என்பதால் எனக்கு இன்னும் கோபம். இரண்டு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஸ்டேஷன் வாசலில் தெருவே பார்க்கும்படி உட்கார வைத்தேன். கை வைக்கவில்லை. ஆனால் என்ன கேள்வி கேட்டேன் என்று உனக்கு எழுத முடியாது. மூன்று வாரம் கழித்து, அந்த வீட்டுக்காரரின் அக்கா மகன் செயினை அடகு வைத்த ரசீது கிடைத்தது. குடும்ப விஷயம், புகாரை வாபஸ் வாங்குகிறோம் என்றார்கள். நான் கோப்பை மூடினேன். அந்தப் பெண்ணிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அவரை நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவுக்கு இது அப்போதே தெரியும். அவள் என்னோடு பத்து நாள் பேசவில்லை. அது எதனால் என்றும் உனக்கு இப்போது புரியும்.

அவர் இப்போது மகன் வீட்டில் இருக்கிறாராம், இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ். அம்மா விசாரித்து வைத்திருக்கிறாள். வருகிற வியாழக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். உனக்கு அவர் சடை பின்னிவிடும் படம் ஒன்று அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறாள் அம்மா. எனக்கு அது சரியா என்று தெரியவில்லை. படத்தில் இருப்பது நீ. போகலாமா வேண்டாமா என்று வியாழனுக்குள் சொல்லு.

அப்பா