ஓரிகன் போர்ட்லாந்துல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒரு மடல்: பழசையே திருப்பிக் கேக்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு வளைகாப்புல பந்தியில உக்காந்திருக்கும்போது பக்கத்து இலைக்காரர் ஒருத்தர், "நம்ம சிட்டி கவுன்சிலுக்குப் பன்னெண்டு பேரைத் தேர்ந்தெடுத்து என்னத்த கண்டோம், கவுன்சில் தலைவரைப் புடிக்கவே ஆறுக்கு ஆறுன்னு இழுத்துக்கிட்டு கிடந்தாங்க, பேசாம பழைய முறையே தேவலை"ன்னாரு, சுத்தி இருந்த நாலு பேரும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினாங்க. தயிர் சாதம் வர்ற நேரத்துல வாக்குவாதம் எதுக்குன்னு நானும் விட்டுட்டேன். ஆனா மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

2025 ஜனவரில முதல் கூட்டத்துல அந்த இழுபறி நடந்தது உண்மைதான். ஆனா பழசு எப்படி இருந்துச்சுன்னு நம்மள்ல பாதிப் பேருக்கு ஞாபகமே இல்ல. 1913ல இருந்து 2024 முடியற வரைக்கும் ஒரு மேயர், நாலு கமிஷனர், அவ்ளோதான். சட்டம் போடறதும் அவங்க, டிபார்ட்மென்ட் நடத்தறதும் அவங்களே. யாருக்கு எந்த டிபார்ட்மென்ட்னு மேயர் பிரிச்சுக் குடுப்பார், மனசு மாறினா புடுங்கி இன்னொருத்தருக்குக் குடுத்துடுவார். ரோடு போடறதைப் பத்தி ஒண்ணும் தெரியாதவர் கூட எலெக்ஷன்ல ஜெயிச்சுட்டா ரோடு டிபார்ட்மென்டுக்கு பாஸ் ஆகலாம். வீடு கட்ட பர்மிட் குடுக்கிற வேலை மட்டும் ஏழு டிபார்ட்மென்ட்ல சிதறிக் கிடந்துச்சு, 2024லதான் அதை ஒரே இடத்துக்குக் கொண்டு வந்தாங்க. இதுக்கா திரும்பிப் போகணும்ங்கறீங்க? மாத்தலாமான்னு 2007ல கேட்டப்போ கூட ஜனங்க வேணாம்னுட்டாங்க, 2022லதான் இந்தப் பன்னெண்டு பேர் முறைக்கு ஒருவழியா சரின்னாங்க.

இந்த கமிஷனர்ங்கற வார்த்தையே நமக்கு குழப்பம். எங்கப்பா ஒரு தடவை போன்ல "உங்க ஊரு கமிஷனர் ஐஏஎஸ்ஸாப்பா?"ன்னு கேட்டார், இல்லப்பா அவர் ஓட்டு வாங்கி வந்தவருன்னதும் "அப்ப கவுன்சிலர்னு சொல்லு"ன்னுட்டார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. சென்னையில மாநகராட்சி கமிஷனர்னா மாநில அரசு அனுப்பற ஆபீசர், மேயரோ கவுன்சிலோ அவரை வேலைய விட்டுத் தூக்க முடியாது. 1973ல கவுன்சிலையே கலைச்சுட்டு 1996 வரைக்கும் ஆபீசருங்களை வெச்சே ஊரை ஓட்டினாங்க, என் வயசுக்காரங்க கவுன்சிலர்னா யாருன்னே தெரியாம வளந்தோம். 2016ல இருந்து 2022 வரைக்கும் மறுபடி அதே கதை. அதனால "படிச்ச ஆபீசர் கையில குடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்"னு நம்ம ஆளுங்க சொல்லும்போதும் எனக்கு பக்குன்னு இருக்கும்.

நான் சொல்றது ரெண்டுக்கும் நடுவுல. 1913 மார்ச்ல ஒஹையோவுல டேட்டன் ஊரையே வெள்ளம் புரட்டிப் போட்டுச்சு. அதுக்கப்புறம் அந்த ஊர்க்காரங்க சார்ட்டரை, அதாவது ஊரோட அடிப்படைச் சட்டத்தை மாத்தி, கவுன்சில் சம்பளம் குடுத்து ஒரு சிட்டி மேனேஜரை வெச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணாங்க. தினப்படி நிர்வாகம் அவர் பாப்பார், சரியில்லன்னா கவுன்சிலே அவரை அனுப்பிடும். நாம கமிஷனர் முறைய எடுத்துக்கிட்டதும் அதே வருஷம்தான், பாருங்க. ரொம்ப தூரம் போக வேணாம், பக்கத்துல பீவர்டன்ல 2020 மே மாசம் ஓட்டுப் போட்டு மேனேஜர் முறைக்கு மாறினாங்க, நம்ம ஆளுங்க எத்தனையோ பேர் அங்கதான் இருக்காங்க, கேட்டுப் பாருங்க.

நம்ம ஊர்ல இப்ப சிட்டி அட்மினிஸ்ட்ரேட்டர்னு ஒருத்தர் இருக்கார். ஆனா அவரைப் பொறுக்கறது மேயர், கவுன்சில் ஓகே சொல்லும், தினமும் வேலை செய்யறது மேயருக்குக் கீழ. பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கோம். அவரை முழுசா கவுன்சிலுக்குக் கீழ கொண்டு வரணும்ங்கறதுதான் நான் கேக்கிறது. அப்ப மேயருக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. இப்ப அவருக்கு கவுன்சில் முடிவைத் தடுக்கிற வீட்டோ அதிகாரமும் கிடையாது, கவுன்சில்ல ஓட்டு சமமா நின்னாத்தான் அவருக்கு ஓட்டு. அவரை பதிமூணாவது ஆளா கவுன்சில்லயே உக்கார வைங்க, எல்லாத்துக்கும் ஓட்டுப் போடட்டும். பதிமூணு பேரும் வந்து உக்காந்தா ஆறுக்கு ஆறு எங்கிருந்து வரும்?

இதுலயும் ஓட்டை இல்லாம இல்ல. சான் டியேகோவுல மேனேஜர் முறை இருந்தப்பதான் பென்ஷன் பணத்துல பெரிய ஊழல் வெடிச்சுச்சு, 2006ல இருந்து அங்க மேயர் கைக்கு நிர்வாகத்தை மாத்திட்டாங்க. மேனேஜர் சொன்னதுக்கெல்லாம் கை தூக்கிட்டுப் போற கவுன்சில் அமைஞ்சா இங்கயும் அதே கதிதான்.

கவுன்சிலுக்கு அனுப்ப இங்கிலீஷ்ல ரெண்டு பாரா எழுதி வெச்சிருக்கேன். வேணுங்கறவங்க கேளுங்க, அனுப்பறேன், உங்க பேரு உங்க டிஸ்ட்ரிக்ட் மட்டும் மாத்திக்கங்க. பக்கத்து இலை அண்ணா, இதைப் படிச்சா கோச்சுக்காதீங்க, உங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பறேன்.