போர் போடுவதற்கு முன்னால்

தம்பி,

நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. கிணறு அடியைத் தொட்டுவிட்டது, கிழக்கால காட்டில் ஒரு போர்வெல் போட்டுவிடலாம் என்று நீ சொல்வது சரிதான், நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் ஆரம்பித்தால் வேலை அவசரத்தில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

2019 தீபாவளி ஞாபகம் இருக்கிறதா? நீ சிங்கப்பூர் போன முதல் வருடம். மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் அந்த ரெண்டு வயசுப் பிள்ளை போர் குழிக்குள் விழுந்து, உலகமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நாட்கள். அந்தச் சனிக்கிழமை ராத்திரி நீ எனக்கு ஒரு மெசேஜ் போட்டாய். "வீட்டுக்குப் பக்கத்துலயே குழியை வச்சுக்கிட்டு, பிள்ளையை வெளியில விட்டுட்டு, பெத்தவங்க என்னம்மா பண்ணிட்டு இருந்தாங்க?" நான் பதில் போடவில்லை. ரெண்டு நாள் கழித்து நீயே கூப்பிட்டு, "என்னம்மா, கோபமா?" என்று கேட்டாய். உடம்பு சரியில்லை என்றேன். உடம்புக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளை விழுந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் சேதி நம் ஊருக்கு வந்துவிட்டது. முதலில் முப்பது அடிக்குள்தான் நிற்கிறது என்றார்கள், கை தெரிகிறது, கயிற்றைச் சுருக்குப் போட்டு இழுக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். அம்மா கூப்பிட்டதற்கு உள்ளேயிருந்து "ம்" என்று பதில் வந்ததாம். அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டுதான் நாங்கள் எல்லோரும் அன்றைக்குத் தூங்கினோம். விடிந்து பார்த்தால் பிள்ளை இன்னும் கீழே போய்விட்டது. அப்புறம் 88 அடி. குழி மொத்தம் 600 அடி என்று கேட்டபோது திண்ணையில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

ஆனாலும் நம்பிக்கை இருந்தது, தம்பி. 2006ல் குருக்ஷேத்திரம் பக்கம் இதே மாதிரி விழுந்த பையனை ராணுவம் ரெண்டு நாள் கழித்து உயிரோடு தூக்கியதை எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2014ல் நம் சங்கரன்கோவில் பக்கத்திலேயே ஒரு குழந்தையைக் கருவி இறக்கி மேலே கொண்டுவந்தார்களே, அதுவும் பேச்சில் வந்தது. உங்கப்பா சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போனார், ஆட்களுக்கு டீ, தண்ணீர் கொண்டுபோன வண்டியில். தீயணைப்புக்காரர்கள், பேரிடர் மீட்புப் படை, நெய்வேலியிலிருந்து ஆட்கள், ஓ.என்.ஜி.சி. ஆட்கள், அமைச்சர், கலெக்டர் எல்லோரும் அங்கேயே கிடக்கிறார்கள் என்று போன் பண்ணினார். பக்கத்திலேயே ஆள் இறங்குகிற அளவுக்கு இன்னொரு குழி தோண்ட ரிக் வண்டி வந்தது. நம் பக்கத்து பூமி எப்படி என்று உனக்குத் தெரியும், மேலே நாலு அடி செம்மண், கீழே முழுக்கப் பாறை. வந்த மிஷின் பாறையில் நின்றது. அதைவிடப் பெரிய மிஷின் வந்தது, அதுவும் திணறியது. இந்தப் பாறையை நம்பித்தான் நாம் காலம் காலமாகப் போர் போட்டுக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு அது யாருக்கும் இரங்கவில்லை.

அந்தப் பிள்ளையைத் தூக்க ஒரு துணிப்பை வேண்டும் என்று கேட்டபோது பெற்றவளே உட்கார்ந்து தைத்துக் கொடுத்ததை டிவியில் காட்டினார்கள். நீ பார்த்தாயோ இல்லையோ. நான் முப்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று எனக்கு டேப் வேண்டாம், கை சொல்லும். அந்தப் பொண்ணு மிஷினில் குனிந்திருந்ததைப் பார்த்ததும் அந்த அளவு என் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்புறம் நாலைந்து மாதம் சின்னப் பிள்ளைகள் சட்டை எதையும் நான் வாங்கித் தைக்கவில்லை. கண் தெரியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. நம் தெருவில் ஒரு வெடிச் சத்தம் இல்லை. யாரும் யாரையும் வெடிக்காதே என்று சொல்லவில்லை. வாங்கி வைத்த பட்டாசு பிள்ளைகள் தலைமாட்டிலேயே கிடந்தது, அவர்களே கேட்கவில்லை. நான் அதிரசத்துக்கு இடித்து வைத்த மாவை எடுக்கவே இல்லை. மாரியம்மன் கோவிலில் விளக்கேற்றி உட்கார்ந்தார்கள், சர்ச்சில் விடிய விடிய ஜெபம், பள்ளிவாசலிலும் துஆ கேட்டார்கள் என்று சொன்னார்கள். நடுவில் மழை வேறு. குழிக்கு மேலே தகரமும் தார்ப்பாயும் போட்டு மறைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். மழை வராதா என்று ஏங்குகிற ஊர், அன்றைக்கு மட்டும் வானத்தைப் பார்த்துத் திட்டியது.

திங்கட்கிழமை ராத்திரி குழியிலிருந்து வாடை வர ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னால் எல்லாம் முடிந்தது. எண்பது மணி நேரத்துக்கு மேல். இதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. காலையில் பாத்திமாபுதூர் கல்லறையில் அடக்கம் பண்ணினார்கள், நானும் போயிருந்தேன். எங்கெங்கிருந்தோ ஜனம். அந்தப் பெட்டி அவ்வளவு சின்னது. அழுத பெண்களில் பாதிப் பேர் அந்தக் குடும்பத்தை அதற்கு முன்னால் பார்த்தது கூட இல்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு கிழவி யாரையோ கூப்பிடுகிற மாதிரி "வாப்பா, வாப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

அன்றைக்கு விடிகாலை உங்கப்பா அங்கேயிருந்து வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன், தொடவில்லை. கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கிழக்கால காட்டுக்குப் போனார். எனக்குப் புரிந்துவிட்டது. நானும் பின்னாடியே போனேன். போகிற வழியில் பார்த்தால், தம்பி, இன்னும் சரியாக வெளிச்சம் வராத நேரத்தில் அங்கங்கே டார்ச் லைட். மேலத் தெருக்காரர் அவர் காட்டில் குனிந்துகொண்டிருக்கிறார், மில்லுக்காரர் மகன் சட்டியில் ஜல்லி சுமந்துகொண்டு போகிறான். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ராத்திரியெல்லாம் அந்தப் பிள்ளைக்காக அழுத கூட்டம்தான், காலையில் அவரவர் குழியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

நம் குழி உனக்கே தெரியும். 1998ல் போட்டது. நீ ஒன்றாம் வகுப்பு, உன் தங்கச்சி தத்தித் தத்தி நடக்கிற வயசு. நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்து, இங்கேதான் என்று காலால் கோடு கிழித்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. என் தோட்டை அடகு வைத்த பணம். 420 அடி போனது, வெறும் புழுதி. மண் சரியாமல் இருக்கக் குழிக்குள் இறக்குகிற கேசிங் பைப்பையாவது காப்பாற்றுவோம் என்று அப்பா அதை உருவி விற்றார். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். பைப் இருந்தால் மூடி போட்டு முடுக்கிவிடலாம், பைப்பை உருவிவிட்டால் வெறும் மண் வாய்தான், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். அதன்மேல் ஒரு சாக்கு, சாக்குக்கு மேல் உடைந்த ஆட்டுக்கல். அவ்வளவுதான் நாம் போட்ட மூடி.

நீயும் உன் கூட்டாளிகளும் அந்தக் கல்லைப் புரட்டிவிட்டு உள்ளே கூழாங்கல் போடுவீர்கள். நீதான் எண்ணுவாய். எட்டு வரைக்கும் எண்ணினால்தான் சத்தம் கேட்கும். மறந்திருக்க மாட்டாய்.

ஒருநாள் மத்தியானம் உன் தங்கச்சியைக் காணோம். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. தெருவெல்லாம் தேடிவிட்டுக் காட்டுக்கு ஓடினேன். ஆட்டுக்கல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது, பக்கத்தில் அவளுடைய ஒற்றைச் செருப்பு. நான் மண்ணில் படுத்து அந்த ஓட்டைக்குள் வாயை வைத்து அவள் பேரைக் கூப்பிட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. அந்தக் குழி என் குரலையே எனக்குத் திருப்பிக் கொடுத்தது. அரை மணி நேரம் கழித்து அவள் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குள் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம்.

அன்றைக்கே மூடியிருக்க வேண்டும் இல்லையா? மூடவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிய கல்லாகத் தூக்கி வைத்தோம், அவ்வளவுதான். அறுப்பு முடியட்டும் என்றார் அப்பா. அப்புறம் நல்ல மழை பெய்தால் ஊற்று வந்தாலும் வரும் என்றார். உண்மையைச் சொன்னால், மண்ணைப் போட்டு மூடிவிட்டால் என் தோடு போனது போனதுதான் என்று ஆகிவிடும். அதை ஒத்துக்கொள்ள ரெண்டு பேருக்கும் மனசில்லை. அப்படியே 21 வருடம் கிடந்தது.

நடுக்காட்டுப்பட்டிக்காரர்கள் குழியை மண் போட்டு மூடித்தான் இருந்தார்கள், மழையில் மண் உள்ளே இறங்கிவிட்டது என்றுதான் சொன்னார்கள். அப்படியென்றால் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேல். அவர்களைப் பார்த்து, பெற்றவர்கள் என்ன பண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று நீ கேட்கிறாய். நான் என்ன பதில் போடுவேன்? பிள்ளை விழுந்த வீடு, விழாத வீடு, அவ்வளவுதான் வித்தியாசம். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்றைக்கு ஊர் உலகமே அப்படித்தான் கேட்டது. ஆனால் நம் பக்கத்து ஊர்களில் அந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்கவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தார். அவர் போய் ரெண்டு வருடம் ஆகிவிட்டது, இனி சொல்லலாம் என்று தோன்றியது. அன்றைக்கு மூன்று நாள் அந்தக் குழிக்குள் கல்லும் மண்ணும் போட்டுக்கொண்டே இருந்தார், டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியும் நிறையவில்லை. கடைசியில் மேல் மட்டத்துக்கு வந்ததும் அதன்மேல் ஏறி நின்று மிதித்தார், பொங்கலுக்குத் தொழுவத்தில் சாணி மிதிப்பாரே, அப்படி. மழைக்குப் பிறகு மறுபடி ஒரு முழம் இறங்கியது, மறுபடி போட்டார். சாகிற வரைக்கும் ஒவ்வொரு மழை விட்டதும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இப்போது உன் போர் விஷயம். 2010லேயே உச்ச நீதிமன்றம் இதற்கெல்லாம் வழி சொல்லிவிட்டது, அந்தப் பிள்ளை விழுவதற்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால். கிராம சபையில் அதைப் படித்தார்கள், 2019க்கு அப்புறம்தான், அது வேறு கதை. போர் போடுவதற்கு 15 நாள் முன்னால் எழுதிக் கொடுத்துச் சொல்ல வேண்டும். வேலை நடக்கிற இடத்தில் யார் காடு, எந்த ரிக்காரர் என்று போர்டு, சுற்றி முள்கம்பி. தண்ணீர் வந்தால் கேசிங்கைச் சுற்றிச் சிமெண்டு மேடை, பைப்புக்கு இரும்பு மூடி. மோட்டாரை ரிப்பேருக்குத் தூக்கினால் கூட அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் மூடி போட வேண்டும். தண்ணீர் வராவிட்டால் அடியிலிருந்து தரை மட்டம் வரைக்கும் களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். பஞ்சாயத்து எழுத்தரிடம் மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். சிரிக்கிறார், இதையெல்லாம் யாரக்கா செய்கிறார்கள் என்கிறார். நான் செய்கிறேன் என்றேன்.

நீ அனுப்பிய பணத்தில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், போர் பொய்த்தால் அன்றைக்கே நிரப்புவதற்கு. அதனால் ஐந்நூறு அடிக்கு மேல் போகச் சொல்லாதே. கேசிங் பைப்பை உருவலாம் என்று ரிக்காரர் உனக்குப் போன் பண்ணினால் அம்மாவைக் கேளுங்கள் என்று சொல்லிவிடு. கடைசிச் சட்டி மண் விழுகிற வரைக்கும் நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன், கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்கிறேன்.

உன் தங்கச்சிக்கு இந்தச் செருப்புக் கதை தெரியாது. அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

அப்புறம், பேரனுக்கு இடுப்பு எத்தனை அங்குலம், தோளிலிருந்து முட்டி வரைக்கும் எவ்வளவு என்று மருமகளை அளந்து அனுப்பச் சொல். போன தடவை கைக்கணக்கில் தைத்து அனுப்பினேன், பத்தவில்லை என்றாய்.

அம்மா