ரே வில்சன் யாருன்னு கேட்டியே

பாப்பா,

போலந்துல எங்க பாத்தாலும் ரே வில்சன், ஜெனிசிஸ் பாட்டுன்னு போஸ்டர் ஒட்டியிருக்கு, ஜெனிசிஸ்னா பில் காலின்ஸ் தானேம்மா, இவர் யாரு டூப்பான்னு போன்ல கேட்ட. டூப்புன்னு நீ சொன்னது எனக்கு மனசுக்கே ஆகல. அப்ப அப்பாவுக்கு சாப்பாடு போட்டுட்டு இருந்தேன், சரியா பேச முடியல, அதான் எழுதறேன், நீளமா போனாலும் பொறுமையா படி.

டூப் இல்லடி அவர், ஜெனிசிஸ்ங்கற அந்த இங்கிலாந்து ராக் பேண்டோட சிங்கராவே இருந்தவர். 1997ல வந்த காலிங் ஆல் ஸ்டேஷன்ஸ்னு ஒரு ஆல்பம், அதுல முழுக்க அவர் குரல் தான். உன் மாமா துபாய்ல இருந்து வாங்கிட்டு வந்த கேசட்ல தான் நான் முதல்ல கேட்டேன், இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிடிச்ச ஆல்பம், ஆனா அதப் பத்தி பேசறதுக்கு ஒரு ஆள் கிடைக்கறதில்ல.

ஜெனிசிஸ்ல சிங்கர் போறது ஒண்ணும் புதுசு இல்ல. ஆரம்பத்துல பீட்டர் கேப்ரியல் பாடினார், 1975ல அவர் விலகிட்டார், வெளிய நிறைய பேர வச்சு பாத்துட்டு கடைசில டிரம்ஸ் வாசிச்சிட்டு இருந்த பில் காலின்ஸே மைக்க எடுத்துட்டார், அடுத்த வருஷம் வந்த ஆல்பம் நல்லாவே போச்சு. அப்பறம் இன்விசிபிள் டச், வீ கான்ட் டான்ஸ்னு ஆல்பம் போட்டு எங்கயோ போயிட்டாங்க, அதெல்லாம் உனக்கே தெரியும். 1996ல காலின்ஸும் விலகினார். இந்த தடவ கஷ்டம் என்னன்னா உள்ளயே இருந்து ஒருத்தர் எழுந்து வந்து பாட ஆள் இல்ல, கீபோர்ட் வாசிக்கற டோனி பேங்க்ஸும் கிடார் வாசிக்கற மைக் ரதர்ஃபோர்டும் ரெண்டு பேர் தான் மிச்சம். அதோட காலின்ஸ் போனா குரல் மட்டுமா போகுது, டிரம்ஸும் சேர்ந்து போயிடுச்சு. இத யாரும் யோசிக்கறதே இல்ல. நிர் ஸிட்க்யாஹு, நிக் டிவிர்ஜிலியோன்னு ரெண்டு பேர் காலிங் ஆல் ஸ்டேஷன்ஸ்ல பாட்ட பிரிச்சுகிட்டு டிரம்ஸ் வாசிச்சிருக்காங்க.

ரே வில்சன் ஸ்காட்லாந்துக்காரர். ஸ்டில்ட்ஸ்கின்னு ஒரு பேண்ட்ல பாடினார், லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்துல வந்த இன்சைட்ங்கற பாட்டு 1994ல இங்கிலாந்துல நம்பர் ஒன். பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் ஸ்கூல் பசங்களா 1967ல பேண்ட் ஆரம்பிச்சப்போ இந்த மனுஷன் பொறக்கவே இல்ல, 1968ல தான் பொறந்தார். அவர் உள்ள வரும்போது பாதிக்கு மேல பாட்டு ரெடியா இருந்துச்சு, அவரும் சேர்ந்து எழுதினது மூணு பாட்டு தான். அந்த வயசுல, கேப்ரியல், காலின்ஸ்னு அவ்ளோ பெரிய ரெண்டு பேர் பாடின இடத்துல போய் நிக்கணும்னா எவ்ளோ தைரியம் வேணும் சொல்லு.

குரல் காலின்ஸ் மாதிரி மேல ஏறி கத்தற குரல் இல்ல, கீழ நிக்கற குரல், கொஞ்சம் கரகரப்பு, நம்ம காதுகிட்ட வந்து பேசற மாதிரி. முதல் பாட்டு ஆல்பத்தோட பேர்லயே இருக்கும், கனமான கிடார்ல ஆரம்பிக்கும், எங்க இருக்கோம்னே தெரியாம தொலஞ்சு போன ஒருத்தன் யாராவது கேக்கறீங்களான்னு கூப்பிடற பாட்டு. அவர் எடுத்த உடனே அழமாட்டார், நிதானமா ஆரம்பிப்பார், பாட்டு போகப் போக தான் அந்த பயம் குரல்ல ஏறும், கடைசில அவர் இழுக்கறப்போ எனக்கு இன்னமும் கை சிலிர்க்கும். காலின்ஸ் எனக்கும் உயிர் தான், ஆனா இந்த பாட்ட அவர் பாடியிருந்தா இந்த இருட்டு வந்திருக்காதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

நாட் அபௌட் அஸ் கேளு, கிடார் வச்சு அமைதியா போற பாட்டு, அது அவரும் சேர்ந்து எழுதினது. அவர் கையும் அதுல இருக்குங்கறது கேக்கும்போதே தெரியும். இந்த மூணு பேரும் சேர்ந்து இன்னொரு ஆல்பம் பண்ணியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு அந்த பாட்டு கேக்கறப்பல்லாம் தோணும்.

ஆனா பண்ணலயே. இங்கிலாந்துல ஆல்பம் ரெண்டாவது இடம் வரைக்கும் வந்துச்சு, ஐரோப்பா முழுக்க 1998ல டூர் போனாங்க. அமெரிக்கால 54வது இடத்தோட நின்னுடுச்சு, அங்க போட்டிருந்த டூர முதல்ல சின்ன ஹாலுக்கு மாத்தி அப்பறம் மொத்தமா கேன்சல் பண்ணிட்டாங்க. அதோட கதை முடிஞ்சுது. 2007ல காலின்ஸ் திரும்ப வந்து டூர் போனாங்க, 2021, 22லயும் போனாங்க, ரெண்டுலயும் இந்த ஆல்பத்துல இருந்து ஒரே ஒரு பாட்டு கூட வாசிக்கல. எனக்கு அதுல ரொம்ப வருத்தம். ஹிட் ஆகலன்னு வச்சுக்கோ, அதுக்காக அப்படி ஒண்ணு நடக்கவே இல்லங்கற மாதிரி விட்டுட்டு போறதா?

ரே வில்சன் மட்டும் விடல. போலந்துலயே செட்டில் ஆகி, சொந்தப் பாட்டும் ஜெனிசிஸ் பாட்டும் சேர்த்து ஊர் ஊரா பாடிட்டு இருக்கார், நீ பாத்த போஸ்டர் அதுக்கு தான். டிக்கெட் கிடைச்சா கண்டிப்பா போ, ஃப்ரெண்ட்ஸையும் கூட்டிட்டு போ, காசு நான் போட்டு விடறேன்.

போறதுக்கு முன்னாடி ஆல்பத்த ஒரு தடவ ஹெட்போன் போட்டு கேளு. காங்கோ தான் முதல்ல சிங்கிளா வந்துச்சு, ஆனா அதுல ஆரம்பிக்காத, அத வச்சு முடிவு பண்ணிட்டா மத்தது கேக்க மாட்ட. முதல் பாட்டு, அப்பறம் ஷிப்ரெக்ட், நாட் அபௌட் அஸ், டிரம்ஸுக்காக த டிவைடிங் லைன். ஸ்மால் டாக் எனக்கும் சுமார் தான், வேணும்னா தாண்டிக்கோ. கடைசி பாட்டு ஒன் மேன்ஸ் ஃபூல், குண்டு வைக்கறவங்க தாங்க செய்யறது தான் சரின்னு நம்பறத பத்தி, எட்டு நிமிஷத்துக்கு மேல போகும், மெதுவா ஆரம்பிச்சு பாதிக்கு மேல வேகம் புடிக்கும், பஸ் வந்துடுச்சுன்னு நடுவுல நிறுத்திடாத.

அம்மா