காயலான் கடை தள்ளுவதை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர் வட்டாரப் பள்ளிகளில் கழிவுப் பொருள் கலைக் கண்காட்சி என்றால் பாட்டில் பூச்சாடியும் தெர்மாகோல் கோட்டையும்தான் அதிகம் தென்படுகின்றன. பிள்ளைகளின் உழைப்பில் குறையில்லை, எடுத்த பொருள்தான் சரியில்லை. சுத்தமான பாட்டிலைக் காயலான் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். எனாமல் பூசி, ஜிகினாத் தூவி, பசைத் துப்பாக்கியால் மணி ஒட்டிவிட்டால் அதே பாட்டிலை யாரும் தொடமாட்டார்கள். தெர்மாகோலைக் கடையில் புதிதாக வாங்கி வந்து 'கழிவிலிருந்து கலை' என்று எழுதி வைப்பது அதைவிட வருத்தம்.

காயலான் கடையில் வேண்டாம் என்று தள்ளுவதை எடுக்கச் சொல்லுங்கள். நனைந்து கிழிந்த முட்டை அட்டை, குடியாத்தம் கைலித் தறிகளில் விழும் நூல் துண்டு, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் துண்டு, சிப்ஸ் கவர் எல்லாம் இதில் வரும்.

இவற்றில் முட்டை அட்டை அருமையான பொருள். முப்பது முட்டை வைக்கும் அட்டை பத்து இருந்தால் நாலைந்து முகமூடிக்குப் போதும். நகத்தளவு கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு கை அட்டைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் மோட்டார் சூடாகி நின்றுவிடும். பழைய வேட்டித் துணியில் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும், செடிக்கு ஊற்றலாம். 100 கிராம் மைதாவை அரை லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கண்ணாடி போல் ஆகும்வரை கிண்டினால் பசை தயார். கூழோடு இந்தப் பசையையும் இரண்டு கை சாக்பீஸ் தூளையும் சேர்த்துப் பிசையுங்கள். உருட்டி அழுத்தினால் ஓரம் வெடிக்கக் கூடாது, வெடித்தால் பசை போதவில்லை. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் கூழில் வேண்டவே வேண்டாம். வேப்பிலை கொதித்த நீரில் பசை காய்ச்சினால் போதும்.

முகமூடி செய்ய, கவிழ்த்த மண்பானையில் தேங்காய் எண்ணெய் தடவி, கூழைக் கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் அப்ப வேண்டும். தடிமனானால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நம் ஊர் வெயிலில் உடனே வைப்பதும் தப்பு, மேல்தோல் முந்திச் சுருங்கிப் பிளக்கும். முதல் நாள் நிழல், மறுநாள் வெயில். கூழ் சுருங்கிப் பானையை இறுக்குமுன் ஓரத்தைச் சுற்றிலும் மெதுவாக நெம்பித் தளர்த்திவிடுங்கள்.

தோல் துண்டில் கவனம் தேவை. வெட்டு வாய் நீலச் சாம்பலாகத் தெரிந்தால் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டது. அதை எரிக்கவோ தேய்த்துத் தூளாக்கவோ கூடாது. எரித்தால் அதிலுள்ள குரோமியம் கொடிய நச்சாக மாறலாம். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோலின் வெட்டு வாய் பழுப்பாக இருக்கும். எதுவானாலும் ரப்பர் சொல்யூஷனில் ஒட்டவேண்டாம், அந்த நெடி மூடிய வகுப்பறையில் தலைவலியும் மயக்கமும் தரும். துளையிட்டு, தறி நூலை முறுக்கிக் கோத்துவிடலாம்.

சிப்ஸ் கவரைச் சோப்பு நீரில் அலசி எண்ணெய் போக்கி, வெள்ளிப் பக்கம் வெளியே தெரிய அட்டைத் துண்டில் மடித்துத் தையுங்கள். மைதாப் பசை அதில் பிடிக்காது. கிரீடத்திலும் புஜகீர்த்தி என்னும் தோள் அணியிலும் கண்ணாடி மின்னும் வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்து நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த கலை. கண்ணாடிக்குப் பதில் இந்தத் துண்டுகளை வரிசையாகத் தைத்தால் விளக்கொளியில் நன்றாக மின்னும், பிள்ளைகள் தலையில் சுமக்க எடையும் இராது.

கண்காட்சிகளுக்கு நடுவர்களாக வருவோரிடம் ஒரு வேண்டுகோள். பொருளைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். புதிதாக வாங்கியவை எவை என்று மாணவரிடம் கேளுங்கள். கண்காட்சி முடிந்தபின் இதைப் பிரிக்க முடியுமா என்றும் கேட்டு, அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
குடியாத்தம்.